வேதாசலம் விமானத்தின் மூக்கு

"மேஸ்திரி, கறுப்பா மஞ்சளா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க. எனக்கு மண்டை வெடிக்குது."

கேட்டவர் மாசிலாமணி, வயது அறுபத்தொன்று. கேட்கப்பட்டவர் ஹெப்சிபா, வயது முப்பத்தெட்டு. இதில் குரு யார், சிஷ்யர் யார் என்று குழம்ப வேண்டாம். கேட்டவர்தான் சிஷ்யர்.

ஹெப்சிபா ஒரு கார்க் கதவில் பூசிய பட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

ஹெப்சிபாவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுப்பேட்டையில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறார். இடிபட்ட காரைக் கொண்டுபோய் விட்டால் பழைய பெயிண்டை உற்றுப் பார்ப்பார், நாலு டப்பாவைத் திறப்பார், கலப்பார், அதே நிறம் வந்து நிற்கும். எங்கே அடிபட்டது என்று கார்க்காரருக்கே தெரியாது. இதற்குக் கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது, கண் மட்டும்தான்.

மாசிலாமணி சார் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருஷம் பத்திரம் பதிந்த மனிதர். எழுத்தில் இல்லாத எதுவும் அவரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் இடது பெருவிரல் ரேகை வாங்காமல் விட்டதில்லை என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

ஓய்வுக்குப் பிறகு அவரைப் பிடித்த பைத்தியம் போர் விமானம். பிளாஸ்டிக்கில் சின்னதாக ஒட்டிச் செய்து, நிஜ விமானத்தில் இருந்த அதே நிறத்தை, அதே எழுத்தை, அதே சின்னத்தை வரைவது. எனக்கும் அதே பைத்தியம்தான், மறைப்பானேன். எங்கள் சங்கத்தில் பதினோரு பேர் இருக்கிறோம். ஆனால் எங்களுக்கெல்லாம் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று உண்டு, அவருக்கு அதுவும் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பச்சை நிறம் சரியாக வரவில்லை என்று ஹெப்சிபாவிடம் போனார். போன முதல் நாளே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். மறுநாளும் போனார். அன்றிலிருந்து அவர் சிஷ்யர்.

"மேஸ்திரி, ஞாயித்துக்கிழமை கண்காட்சி. இன்னைக்குச் செவ்வாய். கேக்குறீங்களா இல்லையா?"

"கேக்குறேன் சார். கதவும் கேக்குது. சொல்லுங்க."

சொன்னார்.

இரண்டாம் உலகப் போர். பர்மா எல்லை. வேதாசலம் என்று நம்மூர்க்காரர் ஒருவர் ஹரிக்கேன் என்ற போர் விமானம் ஓட்டினார். போனார், திரும்பவில்லை. அவருக்குப் பெண் பிறந்த செய்தி அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அந்தப் பெண்தான் கோமளம். இப்போது எண்பத்தொரு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்தவர். அயனாவரத்தில் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறார். அப்பா என்று அவரிடம் இருப்பது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். விமானத்தின் பக்கத்தில் ஒருவர் சாய்ந்து நின்று சிரிக்கிறார்.

அந்தப் புகைப்படத்தை வைத்துத்தான் மாசிலாமணி இரண்டு வருஷமாக அந்த விமானத்தைச் செய்கிறார். கண்காட்சி முடிந்ததும் அதைக் கோமளத்துக்கே கொடுத்துவிடுவதாக வாக்கு. அந்த அம்மாவும், "எங்கப்பா வண்டியை ஒரு தடவை கண்ணால பாத்துடுறேன்" என்று ஆவலாகத்தான் இருந்தார்.

எல்லாம் முடிந்துவிட்டது, மூக்கைத் தவிர. காற்றாடியின் நடுவில் கூம்பாக நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த மூக்கு.

"படத்துல கறுப்பு மேஸ்திரி. கரி மாதிரி கறுப்பு. பூதக்கண்ணாடி வெச்சு நூறு தடவை பாத்துட்டேன். அந்தம்மா மட்டும் மஞ்சள்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க. நேத்து நான் பொறுக்க முடியாம, நீங்க அப்பப் பிறக்கவே இல்லையேம்மான்னு சொல்லிட்டேன்."

ஹெப்சிபா தேய்ப்பதை நிறுத்தினார்.

"சொல்லிட்டீங்களா?"

"வாய் தவறிடுச்சு."

"அதுக்கு அவங்க?"

"மூக்கு கறுப்பா இருந்தா அது எங்கப்பா வண்டி இல்ல. சனிக்கிழமைக்குள்ள படத்தைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போங்கன்னுட்டாங்க."

ஹெப்சிபா கையைத் துடைத்துக்கொண்டார்.

"சார், அந்தப் படத்துல எத்தனை பேர் இருக்காங்க?"

"முழுசா ஒருத்தர்தான். பின்னாடி பாதி உடம்பு தெரியுற மெக்கானிக் ஒருத்தர். இடது டயருக்குக் கீழ ஒரு செங்கல். இறக்கையில நாலு இடத்துல பெயிண்ட் உரிஞ்சிருக்கு. வட்டச் சின்னத்துல நடுவுல சிவப்பு கிடையாது, எதிரிக்குச் சிவப்பு வட்டம்கிறதால நம்ம ஆளுங்களே சுட்டுடக் கூடாதுன்னு எடுத்துட்டாங்க. அதை நாலு தடவை அழிச்சு வரைஞ்சேன்."

"நல்லது. அந்தம்மா மூக்கைப் பத்தி என்ன சொன்னாங்க? ஒரு வார்த்தை மாத்தாம சொல்லுங்க."

மாசிலாமணி ஞாபகப்படுத்திப் பார்த்தார்.

"மஞ்சள்னாங்க."

"அவ்வளவுதானா?"

"ஏறக்குறைய அவ்வளவுதான். ஏதோ அவங்க அம்மா, காயிதம்னு நீட்டி முழக்கினாங்க. எனக்கு வேண்டியது நிறம்தானே?"

"ஏறக்குறைய சிவப்பு வேணும்னு ஒருத்தன் கார் கொண்டுவந்தா நான் என்ன செய்வேன் சார்?"

"துரத்திவிடுவீங்க."

"கிளம்புங்க."

---

மாசிலாமணி அயனாவரத்துக்குப் போனார். போகிற வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனார். நேராகக் கேட்டால் நேராகப் பதில் சொல்ல இந்த மேஸ்திரிக்கு என்ன கேடு என்பதுதான் முணுமுணுப்பின் சாரம்.

கோமளம் கதவைப் பாதிதான் திறந்தார்.

"படம் கொண்டுவந்தீங்களா?"

"இல்லம்மா. நோட்டு கொண்டுவந்திருக்கேன். நீங்க சொன்னதைத் திரும்பச் சொல்லணும். எழுதிக்கிறேன்."

"எதுக்கு? அப்ப நான் பிறக்கவே இல்லையே."

மாசிலாமணி செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோமளம் கொஞ்ச நேரம் அவரை அப்படியே நிற்கவிட்டார். பிறகு முழுக் கதவையும் திறந்தார்.

அந்த அம்மா சொன்னதைச் சொன்னபடியே மாசிலாமணி எழுதினார். பழக்கப்பட்ட கை. அடித்தல் திருத்தல் இல்லை. எழுதி முடித்ததும் பத்திரத்தை வாசித்துக் காட்டுவது போல வாசித்தும் காட்டினார்.

"எங்கப்பா எங்கம்மாவுக்குக் காயிதம் போட்டார். என் வண்டி மூக்குக்கு நேத்து மஞ்சள் பூசினேன், நீ குளிச்சுட்டு வந்து நிக்கிற மாதிரியே இருக்குன்னு எழுதியிருந்தார். அந்தக் காயிதம் வந்த பதினேழாம் நாள் தந்தி வந்தது. அதுக்கப்புறம் எங்கம்மா மூஞ்சியில மஞ்சள் பட்டதே இல்ல. ஆனா எனக்கு வெள்ளிக்கிழமை தவறாம அவதான் மஞ்சள் இழைச்சுப் பூசுவா. பூசுறதுக்கு முன்னாடி உள்ளங்கையைக் காட்டி, இதான்டி உங்கப்பா பிளேன் மூக்குன்னு சொல்லுவா. எனக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும் ஒரு வெள்ளிக்கிழமை விடாம சொன்னா."

வாசித்து முடித்ததும், இதையா நீட்டி முழக்கினாங்க என்றேன் என்று அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

"சரியா இருக்காம்மா?"

"சரியா இருக்கு. கைநாட்டு வேணுமா?" கோமளம் கிண்டலாகக் கையை நீட்டினார்.

"ஐயோ, இது பத்திரம் இல்லையேம்மா."

"அதானே."

"அந்தக் காயிதம் இருக்கா?"

"கரையான் தின்னுடுச்சு. அம்பது வருஷமாச்சு."

மாசிலாமணி நோட்டை மூடினார். நெஞ்சு நெகிழ்ந்துதான் இருந்தது. ஆனாலும் காயிதம் போய்விட்டது, படம் மட்டும் இருக்கிறது, படத்தில் கறுப்பு. அதை அவரால் தாண்ட முடியவில்லை.

---

புதன்கிழமை காலை பட்டறையில் நோட்டை நீட்டினார். ஹெப்சிபா ஒரே மூச்சில் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"ம்."

"ம்னா என்ன மேஸ்திரி? ஆதாரம் ரெண்டு, ஒண்ணுக்கொண்ணு முரண். ஒரு பக்கம் புகைப்படம். இன்னொரு பக்கம் வாய்வார்த்தை. இது எந்த ஆபீசுல நிக்கும்? நம்ம சங்கத்துலயே நிக்காது. ஒவ்வொரு மாதிரிக்கும் பக்கத்துல ஆதாரச் சீட்டு வைக்கணும். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எந்தப் படம்னு எழுதணும். இல்லேன்னா அந்த நிறத்துக்கு மார்க்கே கிடையாது."

உண்மைதான். அந்த விதியைக் கொண்டுவந்தவரே மாசிலாமணிதான். எங்கள் பத்துப் பேருடைய சாபமும் அவருக்கு உண்டு.

ஹெப்சிபா எழுந்தார். ஆயுதபூஜைக்கு ஒட்டி மிச்சமிருந்த நீலக் கண்ணாடிப் பேப்பரை அலமாரியிலிருந்து எடுத்தார். நாலாக மடித்தார். மாசிலாமணியின் கையில் கொடுத்தார்.

"கண்ணுல வெச்சுக்குங்க."

வைத்துக்கொண்டார்.

"வெளியில வாங்க. எதிர்ல என்ன நிக்குது?"

"ஆட்டோ."

"என்ன கலர்?"

"ஆட்டோ என்ன கலரா இருக்கும், மஞ்ச..."

மாசிலாமணி நின்றுவிட்டார்.

பேப்பரை எடுத்துப் பார்த்தார். மஞ்சள். கண்ணில் வைத்தார். எடுத்தார். வைத்தார்.

"கறுப்பு!"

"கத்தாதீங்க சார். ஆட்டோக்காரர் பயப்படுறார்."

"மேஸ்திரி, கறுப்பு! அடேயப்பா! கன்னங்கரேல்னு இருக்கு மேஸ்திரி!"

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. அறுபத்தொரு வயது மனிதர், கண்ணில் நீலப் பேப்பரோடு தெருவில் ஓடினார். டீக்கடையில் தொங்கிய வாழைத்தார் கறுப்பு. பூக்காரியின் சாமந்திக் கூடை கறுப்பு. பக்கத்துப் பட்டறைக்காரரின் நீல லுங்கி மட்டும் வெள்ளையைப் போலப் பளிச்சென்று தெரிந்தது. "உங்க லுங்கி வெளுத்துடுச்சு!" என்று அவரிடம் சத்தமாகச் சொன்னார். லுங்கிக்காரர் ஒன்றும் புரியாமல் குனிந்து பார்த்துக்கொண்டார்.

டீக்கடைக்காரர் ஹெப்சிபாவைப் பார்த்துக் கண்ணாலேயே கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே. ஒரு டீ போடுங்க. சர்க்கரை தூக்கலா."

மாசிலாமணி மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"அந்தக் காலத்து ஃபிலிமும் இப்படித்தான் மேஸ்திரி! அதுல சில வகைக்குச் சிவப்பு தெரியாது, மஞ்சளும் மங்கிப்போய்க் கறுப்பாத்தான் விழும். எங்கிட்ட இருக்குற புத்தகத்துலயே இதுக்குன்னு ஒரு அத்தியாயம் இருக்கு. நிற அட்டவணை எதுவும் இல்லையேன்னு நான் அதைப் படிக்காமத் தாண்டிட்டேன். தாண்டிட்டேனே!"

"டீ குடிங்க."

"டீ கிடக்கட்டும். அப்ப மூக்கு மஞ்சள்தான்!"

"அப்படின்னு படம் சொல்லுதா?"

மாசிலாமணி யோசித்தார். பாதி டீ போயிற்று.

"இல்ல. கறுப்பும் கறுப்பாத் தெரியும். சிவப்பும் கறுப்பாத் தெரியும். மஞ்சளும் கறுப்பாத் தெரியும். எதுன்னு படம் சொல்லல."

"சரி, படம் வாயை மூடிக்கிச்சு. இனிமே பேசுறதுக்கு யார் மிச்சம்?"

கேட்டுவிட்டு ஹெப்சிபா பட்டறைக்குள் போய், மாசிலாமணி பெயிண்ட் அடிக்கக் கொண்டுவந்து துணி போட்டு மூடி வைத்திருந்த விமானத்தை எடுத்து வந்தார். இறக்கை முனைக்கு முனை பதினைந்து அங்குலம். மேலே பச்சையும் மண் நிறமும் அலை அலையாக. மூன்று தகடு வைத்த காற்றாடி. மூக்கு மட்டும் சாம்பல் பூச்சோடு நிற்கிறது.

"இது என்ன சார்?" காற்றாடித் தகட்டின் நுனியைக் காட்டினார்.

"நுனி. மஞ்சள் அடிச்சிருக்கேன். சுத்தும்போது தெரியணும், யாரும் கிட்ட வந்துடக் கூடாதுன்னு எல்லா விமானத்துலயும் அடிப்பாங்க."

"படத்தை எடுங்க. அதுல நுனி என்ன கலர்?"

மாசிலாமணி சட்டைப் பையிலிருந்து புகைப்படத்தை எடுத்தார். பூதக்கண்ணாடியை வைத்தார். நெடுநேரம் பார்த்தார்.

"கறுப்பு."

"அப்ப ஏன் மஞ்சள் அடிச்சீங்க?"

"அது... அது விதி மேஸ்திரி. கையேட்டுல அச்சுல போட்டிருக்கு."

"ஓஹோ. கையேடு மஞ்சள்னு சொன்னா படம் தப்பு. அந்தம்மா மஞ்சள்னு சொன்னா அந்தம்மா தப்பு."

மாசிலாமணிக்குக் காது வரை சூடேறிவிட்டது. இரண்டு வருஷமாக அந்த நுனியும் அந்த மூக்கும் ஒரு விரல் தூரத்தில்தான் இருந்தன. நாங்கள் பத்துப் பேரும் அதைப் பார்த்திருக்கிறோம், எங்களுக்கும் தோன்றவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"சரி மேஸ்திரி," என்றார் கடைசியில். "மஞ்சள். ஆனா எந்த மஞ்சள்?"

பையைக் கவிழ்த்தார். ஏழு சின்னப் பாட்டில்கள் உருண்டன. ஏழும் மஞ்சள். ஏழுக்கும் ஏழு எண்.

ஹெப்சிபா ஒன்றைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை.

"சனிக்கிழமை பட்டறைக்கு லீவு. அயனாவரம் போறோம்."

---

சனிக்கிழமை கோமளத்தின் சாப்பாட்டு மேஜை மேல் பழைய பேப்பரை விரித்து விமானத்தை வைத்தார்கள்.

கோமளம் கிட்டே வரவில்லை. சமையலறை வாசலிலேயே நின்றார்.

"மூக்கு என்ன சாம்பலா இருக்கு?"

"இன்னும் அடிக்கலம்மா," என்றார் மாசிலாமணி. "நீங்க சொல்லணும்."

"நான் அன்னைக்கே சொன்னேனே."

"சொன்னீங்க. எனக்கு அன்னைக்குக் காது இல்ல. நான் பேசினது தப்பு. மன்னிச்சுக்கணும்."

கோமளம் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஹெப்சிபாவைப் பார்த்தார்.

"இவங்க யாரு? உங்க பொண்ணா?"

"என் குரும்மா."

"நல்ல ஆளாப் பிடிச்சிருக்கீங்க," என்றார் கோமளம். வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

மாசிலாமணி ஏழு பாட்டில்களையும் வரிசையாக அட்டையில் தீட்டிக் காட்டினார்.

"இது?"

"டாக்ஸி."

"இது?"

"ஸ்கூல் பஸ்."

"இதும்மா?"

"இதைப் போய் எங்கம்மா மூஞ்சின்னா அவ எழுந்து வந்து அறைவா."

ஏழும் போயிற்று. மாசிலாமணியின் நெற்றியில் வியர்வை. நாளைக்குக் காலை பத்து மணிக்குக் கண்காட்சி. நிறம் கிடைக்காவிட்டால் சாம்பல் மூக்கோடு எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். அதைப் பார்க்கக் கோமளம் வரப்போவதில்லை.

"அம்மா," என்றார் ஹெப்சிபா, "வீட்டுல மஞ்சள் இருக்கா? பூசுறது. எனக்கு அது பழக்கமில்ல, எங்க வீட்டுல மஞ்சள்னா மீனுக்குத்தான்."

கோமளத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போனார். பூசுமஞ்சள் கிழங்கும் சந்தனக் கல்லும் ஒரு கிண்ணம் தண்ணீரும் கொண்டுவந்தார். உட்கார்ந்து இழைக்க ஆரம்பித்தார்.

முதலில் தண்ணீர் மாதிரி வந்தது. பிறகு கெட்டியாயிற்று. அதை வழித்து வலது உள்ளங்கையில் தடவினார். கையை விளக்குக்குக் கீழே நீட்டினார்.

"இதான்டி உங்கப்பா பிளேன் மூக்கு," என்றார். குரல் அவருடையதாக இல்லை. அவருடைய அம்மா அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஹெப்சிபா டப்பாக்களைத் திறந்தார். எனக்கு அன்று அங்கே இருக்கக் கொடுத்துவைக்கவில்லை. மாசிலாமணி சொல்லச் சொல்லக் கேட்டேன், அதற்கே மயிர்க்கூச்செறிந்தது.

மஞ்சள் ஒரு கரண்டி. பழுப்பு ஒரு சொட்டு. கலக்கி, குச்சி நுனியில் எடுத்து, உள்ளங்கைக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"கிட்ட வருது," என்றார் கோமளம்.

சிவப்பு ஊசி முனையளவு.

"ஐயையோ, போயிடுச்சு. இது குங்குமம் கலந்த மாதிரி."

"இருங்கம்மா, பிடிச்சு இழுத்துட்டு வரேன்." வெள்ளை அரைச் சொட்டு. மறுபடி மஞ்சள்.

"எத்தனை சொட்டுன்னு குறிச்சுக்கவா மேஸ்திரி?"

"பேனாவைக் கீழ வைங்க சார். கையைப் பாருங்க."

மாசிலாமணி பேனாவை வைத்தார். கையைப் பார்த்தார். எண்பத்தொரு வயதுக் கை, சுருக்கம் விழுந்த கை, சுருக்கத்துக்குள் எல்லாம் மஞ்சள் இறங்கியிருந்தது. நடுவில் வெளிச்சம் பட்ட இடத்தில் ஒரு நிறம், ஓரத்தில் ஒரு நிறம். ஏழு பாட்டிலில் எதிலும் இல்லாத நிறம்.

"பச்சை," என்றார் மாசிலாமணி.

ஹெப்சிபா நிமிர்ந்தார்.

"துளியூண்டு பச்சை வேணும் மேஸ்திரி. ஓரத்துல பாருங்க, காயுற இடத்துல. பச்சை அடிக்குது."

ஹெப்சிபா பார்த்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சிஷ்யரைப் பார்த்துத் தலையாட்டினார். ஈர்க்குச்சி முனையில் பச்சை தொட்டுக் கலக்கினார். குச்சியை உள்ளங்கை மேலேயே வைத்தார்.

குச்சி நுனி காணாமல் போய்விட்டது. எது மஞ்சள், எது பெயிண்ட் என்று தெரியவில்லை.

"இதான்!" கோமளம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இதான் இதான் இதான்! அடி அம்மா, இதேதான்!"

"அடிங்க சார்! கை காயறதுக்குள்ள அடிங்க!"

மாசிலாமணி தூரிகையை எடுத்தார். மூக்கு ஒரு நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே சுற்றில் பூசினார். காற்றாடியின் மூன்று மஞ்சள் நுனிகளுக்கு நடுவே மூக்கு ஈரமாக மின்னியது. அப்போதுதான் குளித்துவிட்டு வந்து நின்ற மாதிரி இருந்தது.

"காய எவ்வளவு நேரம்?" என்றார் மாசிலாமணி.

"ஒரு மணி நேரம். யாரும் கிட்ட..."

ஹெப்சிபா சொல்லி முடிக்கவில்லை.

கோமளம் குனிந்திருந்தார். அவருக்கு அப்போது நாங்களும் எங்கள் விதிகளும் ஞாபகத்தில் இல்லை. வலது கை முழுக்க மஞ்சள் என்பதால் இடது கையை நீட்டினார். குழந்தையின் மூக்கைத் தொடுவது போல, பெருவிரலால் அந்த மூக்கை மெதுவாகத் தொட்டார்.

"அப்பா," என்றார்.

"ஐயோ அம்மா!" என்றார் ஹெப்சிபா.

கோமளம் வெடுக்கென்று கையை எடுத்தார். ஈரப் பெயிண்டில் விரல் அச்சாக விழுந்திருந்தது.

எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய விபத்து கிடையாது. காயாத பெயிண்டில் கைரேகை. எங்கள் சங்கத்தில் ஒருவர் இதற்காகவே ஒரு முழு விமானத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறார்.

"கெடுத்துட்டேனா?" கோமளத்தின் முகம் சுருங்கிவிட்டது. "ரெண்டு வருஷ வேலையாச்சே. கெடுத்துட்டேனே பாவி."

"ஒண்ணும் ஆகலம்மா. தின்னர் போட்டு வழிச்சுட்டு, நைஸாத் தேச்சு, திரும்ப ஒரு கோட்டு. அரை மணி நேரம்." ஹெப்சிபா ஏற்கெனவே பையிலிருந்து உப்புத்தாளை எடுத்துவிட்டார்.

மாசிலாமணி பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். மூக்கின் மேல், மஞ்சளில், சுழி சுழியாக ரேகை ஓடியது. ஒரு கோடுகூட அழியவில்லை. இழுபடவில்லை. நடுச்சுழி சுத்தமாக விழுந்திருந்தது.

முப்பத்திரண்டு வருஷப் பத்திரப்பதிவில் இவ்வளவு தெளிவான ரேகையை அவர் பார்த்ததில்லை.

"எந்தக் கைம்மா?"

"இடது."

"பெருவிரல்தானே?"

"ஆமா. ஏன்?"

"மேஸ்திரி, உப்புத்தாளை உள்ள வைங்க."

சட்டைப் பையிலிருந்து நாளைக்கு வைக்க வேண்டிய ஆதாரச் சீட்டை எடுத்தார். பச்சைக்கு எந்தப் புத்தகம், வட்டச் சின்னத்துக்கு எந்தப் பக்கம், நுனிக்கு எந்தக் கையேடு என்று எல்லாம் எழுதியிருந்தது. மூக்கு என்ற வரி மட்டும் காலி.

கீழே வைத்த பேனாவை எடுத்தார். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார்:

"மூக்கு: மஞ்சள். ஆதாரம்: மூக்கின் மேலேயே உள்ளது."